கறுப்புப் பாய்மரமும் இரும்புலியூர் லைன்மேனும்

1

இந்த ஜூலையோடு நான் மெல்பர்ன் வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இப்படி ஓர் ஆண்டு நிறைவு வந்தால் வெளிநாட்டுக்காரன் உட்கார்ந்து ஊர் மழையின் வாசனையைப் பற்றி எழுத வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். எனக்கும் ஆசைதான். ஆனால் நான் வளர்ந்தது தாம்பரத்துக்குப் பக்கத்து இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி. அங்கே மழை பெய்தால் வாசனை வராது, பஸ்ஸும் வராது. அதனால் இந்தத் தடவை கிரேக்கப் புராணத்தைப் பற்றி எழுதுகிறேன்.

கிரேக்கத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சம்பந்தம் என் மகள் நிவேதாவுக்கு. பதினெட்டு வயது. அவள் அலமாரி முழுக்க ஒரே வகை நாவல்கள். பழைய கிரேக்கக் கதைகளை எடுத்து, பதினாறு வயதுப் பெண் ஒருத்தியின் வாயால் திருப்பிச் சொல்பவை. அட்டையில் தலைமுடி காற்றில் பறக்கும் ஒரு பெண், தங்க எழுத்து, மூலையில் ஒரு மாதுளம்பழமோ பாம்போ. உள்ளே போனால், இத்தனை காலம் வீரன் என்று பெயர் வாங்கியவன் எல்லாம் அயோக்கியன் என்று நிரூபிக்கப்படும். அரக்கி என்று பெயர் வாங்கியவளுக்கு ஒரு சோகமான சிறுவயது இருக்கும். தகப்பன்மாரில் ஒருவர்கூடத் தேற மாட்டார். நானும் அந்த வகையறா என்பதால் அலமாரியைக் கடக்கும்போது கொஞ்சம் ஒதுங்கியே நடப்பேன்.

இந்த நோய் இரும்புலியூருக்கும் பரவியதற்கு நான் பொறுப்பல்ல. அங்கே என் அக்கா இருக்கிறாள். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. அந்தப் பக்கத்தில் கிரேஸ் டீச்சர் என்றால் நரைத்த தலைகள்கூட இன்றும் நிமிர்ந்து உட்காரும். திருமணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் சிவப்பு மையில் திருத்தம் வரும். முன்பெல்லாம் நாங்கள் ஊருக்குப் போகும்போது பெட்டியில் பாதாமும் சாக்லேட்டும் போகும். இப்போது அந்த இடத்தில் நிவேதா படித்து முடித்த கிரேக்க நாவல்கள் போகின்றன. அக்கா ஒவ்வொன்றுக்கும் பழுப்புத் தாளில் அட்டை போட்டு விடுவாள். சபைப் பெண்கள் வீட்டுக்கு வந்துபோகிற இடத்தில் சட்டை போடாத கடவுள்கள் மேசைமேல் கிடக்கக் கூடாதாம். அட்டைமேல் பள்ளிக்கூட லேபிள். பெயர்: கிரேஸ். வகுப்பு: காலியாக விடப்பட்டிருக்கும். பாடம்: பொது.

முதல் நாவலை முடித்துவிட்டு அவள் போனில் சொன்னது இதுதான். "இந்தக் கடவுளுங்க எல்லாம் நம்ம சர்ச் கமிட்டி மாதிரியே இருக்காங்கடா. சண்டை போடறது மேல, அடி விழறது கீழ."

2

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாலை நான்கு மணிக்கு, அதாவது ஊரில் அக்கா ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும், அத்தையும் மருமகளும் போனில் நாவல் விவாதம் நடத்துவார்கள். ஸ்பீக்கர் போட்டிருக்கும். நான் சமையலறையில் காய் நறுக்குவேன். கருத்துச் சொல்ல எனக்கு அனுமதி உண்டு, மதிப்புத்தான் கிடையாது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவர்கள் எடுத்துக்கொண்ட நாவலைச் சொல்பவள் ஒரு துறைமுகத்துப் பெண். கடலில் வரும் கப்பல்களின் பாய்மரத்தைப் பார்த்து ஊருக்குச் சேதி சொல்வது அவள் வேலை. வயது பதினாறு, வேறென்ன இருக்கப்போகிறது. கதை பழையது. ஓர் இளவரசன், பெயர் என் வாயில் நுழையவில்லை, தூரத்துத் தீவில் காளைத் தலை அரக்கனைக் கொல்லப் புறப்படுகிறான். கிழட்டு ராஜாவான தகப்பன் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்கிறான். போகும்போது கப்பலில் கறுப்புப் பாய்மரம். உயிரோடு திரும்பினால் அதை இறக்கிவிட்டு வெள்ளையை ஏற்று, தூரத்திலேயே நான் தெரிந்துகொள்கிறேன் என்கிறான். பையன் அரக்கனைக் கொல்கிறான். நூல்கண்டு கொடுத்து வழிகாட்டிய பெண்ணை நடுவழியில் ஒரு தீவில் தூங்கவிட்டுக் கிளம்புகிறான். அப்புறம் பாய்மரத்தை மாற்ற மறந்துபோகிறான். மலைமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்த ராஜா கறுப்பைக் கண்டதும் கடலில் குதித்துவிடுகிறான்.

எனக்கு எரிச்சலாக வந்தது. காளைத் தலை அரக்கனைக் கொன்றவனுக்கு ஒரு துணியை மாற்ற ஞாபகம் இல்லையா, நம்புகிற மாதிரி எழுதச் சொல் என்றேன்.

"கதையே அதுதான்ப்பா," என்றாள் நிவேதா. "யாரு வேணா மறக்கலாம். ஆனா அந்த ராஜா ஏன் உடனே குதிச்சாரு? கப்பல் கரைக்கு வர வரைக்கும் வெயிட் பண்ணியிருக்கலாம்ல?"

அந்தப் பக்கம் அக்கா, "அந்த ராஜாவுக்கு ஒரு லைன்மேன் கிடைச்சிருந்தா பிழைச்சிருப்பாரு," என்று சொல்லிவிட்டுத் தனியாகச் சிரித்தாள். லைன்மேன் என்றால் யார் என்று நிவேதா கேட்டாள். அந்தக் காலத்தில் டெலிபோன் ரிப்பேர் பண்ண வருகிறவர் என்று அக்கா சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டாள். எனக்குப் பாதி புரிந்தது. அந்தப் பாதியே வேண்டாம் என்று கேரட்டை நறுக்கினேன்.

3

பல்கலைக்கழகத்தில் அரையாண்டு விடுமுறை வந்ததும் நிவேதா தனியாக இரும்புலியூர் போய் அத்தையோடு மூன்று வாரம் இருக்கப்போவதாக அறிவித்தாள். அனுமதி கேட்கவில்லை, அறிவித்தாள். பதினெட்டு வயதுக்கு அதற்கு உரிமை உண்டு என்று இந்த நாட்டுச் சட்டமும் என் மனைவியும் சொல்கிறார்கள்.

புதிய பாஸ்போர்ட் எடுத்ததால் படிவங்கள் நிரப்ப வேண்டியிருந்தது. படிவம் என்றாலே எங்கள் வீட்டில் பெயர்ச் சண்டை. ஊரில் நான் எஸ். ஜெயகர். அந்த எஸ் ஓர் ஓரத்தில் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் உட்கார்ந்திருந்தது. இங்கே வந்து இறங்கியதும் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். அப்படி ஒன்று எங்கள் குடும்பத்தில் யாரும் வைத்திருக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். கட்டத்தைக் காலியாக விட முடியாது என்றார்கள். எஸ் விரிந்து சாமுவேல் ஆனது. அது என் அப்பாவின் பெயர். அன்றிலிருந்து இந்தக் கண்டத்தில் நான் அப்பா. ஜெயகர் என்பது யார் வாயிலும் நுழையாததால் வேலை செய்யும் இடத்திலும் சாமுவேல்தான். என் மனைவி அவள் அப்பாவின் பெயரில் உலாவுகிறாள். நிவேதாவுக்குப் பின்னால் என் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரே வீட்டில் மூன்று குடும்பம். வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா என்று இன்னும் எந்தப் படிவமும் கேட்கவில்லை.

நிவேதாவுக்கு இதில் பெருமை. அவள் புத்தகங்களில் வீரர்களை எல்லாம் இன்னாருடைய மகன், இன்னாருடைய மகன் என்றுதான் கூப்பிடுகிறார்களாம். நாம் ரொம்பப் பழைய ஸ்டைல் என்றாள். இருக்கலாம். ஆனால் பல் டாக்டரின் வரவேற்பறையில் "சாமுவேல்" என்று கூப்பிடும்போது இன்றைக்கும் ஒரு நொடி நான் வாசலைத்தான் பார்க்கிறேன். அப்பா போய் எட்டு வருடம் ஆகிறது.

தமிழைப் பொறுத்தவரை அவள் தைரியசாலி. யோசிப்பது ஆங்கிலத்தில், கொட்டுவது தமிழில். ஒருமுறை சோபாவில் தூக்கத்தில் விழுந்துவிட்டேன் என்று அத்தையிடம் சொன்னாள். அடி பட்டதா என்று அக்கா பதறிப்போனாள். தூங்கிவிட்டேன் என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறாள் என்று நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

4

இப்போது அக்காவின் லைன்மேன் பேச்சில் எனக்குப் புரிந்த அந்தப் பாதிக்கு வருகிறேன்.

நான் கிளம்பியபோது இரும்புலியூர் வீட்டில் அப்பாவும் அக்காவும் மட்டும். அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டாள். முக்காலிமேல் பூப்போட்ட துணி மூடி ஒரு டெலிபோன். வெளிநாட்டிலிருந்து பேசுவது யானை விலை என்பதால் எங்கள் தலைமுறை ஓர் ஏற்பாடு கண்டுபிடித்து வைத்திருந்தது. இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் அதையும் புராணத்தில் சேர்த்துவிடுவார்கள். போன் பண்ணி ஒரு மணி அடித்ததும் வைத்துவிட்டால் நல்லபடியாகச் சேர்ந்தாயிற்று என்று அர்த்தம். வைத்துவிட்டு மறுபடியும் அடித்தால் ஏதோ சிக்கல், எடுத்துப் பேசு என்று அர்த்தம். யாரும் எடுக்காத போனுக்குக் காசு கிடையாது.

அப்பா பூகோள ஆசிரியர். எதையும் எழுதி வைக்காமல் நம்ப மாட்டார். இந்த விதியை ஓர் அட்டையில் எழுதி டெலிபோனுக்கு மேலே ஒட்டினார். அதற்கு நகல் எடுத்து என் சட்டைப் பையில் வைத்தார். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வழியனுப்பும்போது அதை என் வாயால் ஒருமுறை சொல்லச் சொன்னார். ஒரு மணி நல்லது, இரண்டு தடவை சிக்கல் என்று நானும் ஒப்பித்தேன். பக்கத்தில் நின்றவர்கள் பார்த்ததில் எனக்கு அவமானமாக இருந்தது.

நான் இறங்கியது ஒரு வியாழக்கிழமை. அறை நண்பர்கள் வந்து கூட்டிப் போனார்கள். சாப்பிட்டேன், தூங்கினேன். வெள்ளிக்கிழமை ஊர் சுற்றிக் காட்டினார்கள். சனிக்கிழமை மலைக்குக் காரில் போய்ப் பனி காட்டினார்கள். வாழ்க்கையில் நான் அதுவரை பார்த்த பனி ஐஸ் வண்டியில் இருந்ததுதான். அன்று முழங்கால் அளவு பனியில் நின்று இருபத்தெட்டு வயதுக் கழுதை ஒன்று சின்னப் பையன் மாதிரி கத்தியது. ஞாயிறும் அங்கேயே. திங்கட்கிழமை துவைக்கப் போடும்போது சட்டைப் பையில் அட்டை கையில் தட்டுப்பட்டது.

மறந்ததற்குக் காரணம் தேடி நான் நிறைய அலைந்திருக்கிறேன். களைப்பு, நேர வித்தியாசம், டெலிபோன் பூத் கிடைக்கவில்லை என்று எல்லாம் வைத்துப் பார்த்தேன். உண்மை மிகவும் சின்னது. நான் சந்தோஷமாக இருந்தேன், அதனால் மறந்துவிட்டேன்.

உடனே போன் பண்ணினேன். முதல் மணியிலேயே அப்பா எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார். "லைன் ரிப்பேர்ப்பா. நாலு நாளா டெட். நீ அடிச்சிருப்ப, எங்களுக்குத்தான் கேக்கல."

"ஆமாப்பா," என்றேன். "இறங்கினதுமே அடிச்சேன். மறுநாளும் அடிச்சேன்."

ஒரு பொய் போதாதென்று கூடவே இன்னொன்றும் போட்டேன். நாலு நாளாகச் செத்துக் கிடந்த லைன் இப்போது எப்படி முதல் மணியில் உயிரோடு இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பிறகு வந்த வருடங்களில் இது ஒரு நல்ல விருந்துக் கதையாகிவிட்டது. நான் வந்து இறங்கிய நேரம் பார்த்து எங்கள் ஊர் டெலிபோன் நாலு நாள் படுத்துவிட்டது, அப்பா தவித்துப்போய்விட்டார் என்று சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். நிவேதா அதைக் கேட்டே வளர்ந்தவள்.

5

நான் குடிநீர் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். குழாயில் வரும் நல்ல தண்ணீர் நல்ல தண்ணீர்தானா என்று நாள் முழுக்கச் சந்தேகப்படுவது என் பிழைப்பு. சென்னை மேடவாக்கத்தில் என் நண்பன் ஒருவன் தண்ணீர் டேங்கர் லாரிக்காக வாரம் இரண்டு நாள் விடுப்பு எடுக்கிறான் என்று சொன்னால் உடன் வேலை செய்யும் க்ளென் நம்ப மாட்டான்.

கிளம்பும் முன் நிவேதாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். இறங்கியதும் ஒரு செய்தி. "வெள்ளைப் பாய்மரம் அனுப்பறேன்ப்பா," என்றாள். "நீங்க மலை மேல ஏறி நிக்காதீங்க." அப்போது நான் நன்றாகவே சிரித்தேன்.

எங்கள் மத்தியானம் ஒரு மணிக்கு விமானம் சென்னையில் இறங்கிவிட்டதாக இணையத்தில் போட்டிருந்தது. ஒன்றரைக்குச் செய்தி இல்லை. இரண்டுக்கும் இல்லை. நான் அனுப்பியவை ஒற்றை டிக்கோடு நின்றன. அக்காவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிப் பணியில் இருந்த மனைவிக்குத் தகவல் அனுப்பினேன். பெண் தாம்பரத்துக்குத்தான் போயிருக்கிறாள், செவ்வாய்க் கிரகத்துக்கு இல்லை என்று பதில் வந்தது.

மூன்று மணிக்கு என் போனை அணைத்துப் போட்டேன். பிறகு க்ளென்னிடம் போய் எனக்கு ஒரு கால் பண்ணு என்றேன். பண்ணினான். அருமையாக அடித்தது. நாலு மணிக்கு இன்னொரு தடவை பண்ணச் சொன்னேன். ஐந்துக்கு மூன்றாவது தடவை. போன் நன்றாகத்தான் இருக்கிறது சாமுவேல் என்று அவன் பொறுமையாகச் சொன்னான். அன்று எந்தத் தண்ணீர் எந்த பாட்டிலில் இருந்தது என்று எனக்கு நினைவில்லை. பயந்தேன். அவ்வளவுதான், அதை நயமாகச் சொல்ல வழியில்லை. பயத்துக்கு நடுவே ஒரு கோபமும் சேர்ந்துகொண்டது. கூப்பிடட்டும், இருக்கிறது அவளுக்கு என்று வாக்கியங்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்.

ஐந்தரைக்கு அக்கா கூப்பிட்டாள். போனைச் சார்ஜில் போட்டு வீட்டிலேயே விட்டுவிட்டு விமான நிலையம் போயிருக்கிறாள். ஜி.எஸ்.டி. சாலை அடைத்துக் கிடந்ததால் பெட்டியோடு பெண்ணைத் திரிசூலத்தில் மின்சார ரயில் ஏற்றித் தாம்பரத்தில் இறக்கி, மார்க்கெட்டில் மீன் வாங்கி, ஆட்டோ பிடித்து இப்போதுதான் வந்தார்களாம். பாப்பா பத்திரமாக இருக்கிறாள் என்றாள்.

வரிசைப்படுத்தி வைத்த வாக்கியம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. வேறு ஏதோ வந்தது.

"அக்கா, என் போன்ல ஏதோ கோளாறு. மத்தியானத்துலேருந்தே சரியில்ல. பாப்பா அனுப்பியிருப்பா, எனக்குத்தான் வரல."

"நீ அப்படியே அப்பா மாதிரி பேசற," என்றாள் அக்கா. அப்புறம் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லாததைச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே அப்பா டெலிபோன் நிலையத்துக்குப் போய் லைன் டெட் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏழுமலை என்ற லைன்மேன் வந்து பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று போனார். சனிக்கிழமை அப்பா மறுபடியும் போய்க் கூட்டி வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூடப் போகாமல் ஏழுமலையின் வீட்டைத் தேடிப் பிடித்தார். அந்த மனுஷர் லீவு நாளில் வந்து, தெருக்கோடிக் கம்பத்தில் ஏறி, அங்கிருந்தே எங்கள் நம்பருக்கு அடித்துக் காட்டினார். மணி அடித்தது. அப்பா எடுக்கவில்லை. அடித்து ஓயும்வரை முக்காலியைப் பார்த்துக்கொண்டே நின்றார். லைன் நன்றாக இருக்கிறது என்றால் மிச்சம் இருப்பது என்ன என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. முகம் வெளுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார் என்றாள் அக்கா.

கம்பத்திலிருந்து இறங்கி வந்த ஏழுமலைதான் அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். "சார், என் மச்சான் துபாய் போனப்போ பத்து நாள் போன் பண்ணல சார். கஷ்டம்னா மொத நாளே அடிச்சிருப்பான். குஷியா கீறான் சார், அதான் மறந்துட்டான்."

அப்பா காபி போடச் சொன்னார். இரண்டு பேரும் குடித்தார்கள். ஏழுமலை போன பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

"அவன் அடிச்சான்னா லைன் ரிப்பேர்னு சொல்லிடு. மறந்துட்டேன்னு அவன் வாயால சொல்ல வெச்சா புள்ள கூசிப்போவான்."

என் விருந்துக் கதைக்குச் சிரித்த முகங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. போனில் கொஞ்சம் சலசலப்புக் கேட்டது. அந்தப் பக்கமும் ஸ்பீக்கர் போட்டுத்தான் வைத்திருந்தார்கள் போலிருக்கிறது.

"அப்பா," என்றாள் நிவேதா. "உங்க போன் நல்லாத்தான் இருக்கு. நான் அனுப்பல. போனை ஆன் பண்ணவேயில்ல. ட்ரெயின்ல கதவுகிட்ட நின்னுட்டே வந்தேன். ரொம்ப ஜாலியா இருந்துச்சு, மறந்துட்டேன். சாரி."

கூசிப்போகவில்லை அவள். நான் இருபத்தெட்டு வயதில் செய்யாததைப் பதினெட்டில் நின்ற இடத்தில் செய்துவிட்டாள். பரவாயில்லை என்றேன். அதோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை.

"நீங்க அன்னிக்கு அடிச்சீங்களா இல்லையா?"

"அடிக்கலம்மா."

"ஒரு தடவைகூட?"

"ஒரு தடவைகூட இல்ல. பனி பாக்கப் போயிட்டேன்."

நான் இதைச் சொல்லியிருக்க வேண்டியவர் தாம்பரம் கல்லறையில் இருக்கிறார். அவருக்கும் இது முன்பே தெரியும். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மீன் கழுவாமல் கிடக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

சோதனைக்கூடத்தில் விளக்குகளை அணைக்க ஆரம்பித்திருந்தார்கள். க்ளென் பையை மாட்டிக்கொண்டு கதவருகே வந்து நின்றான். "சாமுவேல், போன் சரியாகிவிட்டதா?" என்று கிண்டலாகக் கேட்டான். லைன் முதலிலிருந்தே நன்றாகத்தான் இருந்தது என்று அப்பாவின் பெயரில் பதில் சொன்னேன்.